உள்மூடியில் எழுதிய தேதிகள்

ஜனவரி 8

அன்புள்ள சுண்டெலிக்கு,

அக்கா எழுதுவது. நானும் உன் அத்தானும் சுகம். அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? படி ஏறும்போது இன்னும் செத்துப்போன சொந்தக்காரர்களை எல்லாம் பேர் சொல்லிக் கூப்பிடுகிறாளா?

உன்னிடம் ஒரு வைத்தியம் கேட்கத்தான் எழுதுகிறேன். நீதான் இப்போது கடிகாரக் கடையில் பெரிய டாக்டர் ஆயிற்றே. கல்யாணத்தில் அத்தானுக்கு நாம் கொடுத்தோமே, அப்பாவின் பாக்கெட் கடிகாரம், அது முந்தி ஓடுகிறது. சாயங்காலம் ஐந்து மணிக்கு அத்தான் ஆலையிலிருந்து வரும்போது சரியாக இருக்கிறது. எட்டு மணிச் செய்திக்குப் பார்த்தால் பதினைந்து நிமிஷம் முன்னால் நிற்கிறது. "ரேடியோக்காரன் பிந்திட்டான்" என்கிறார். மறுநாள் ஆலைக்குப் போனதும் ஆபீஸ் கடிகாரத்துக்கு முள்ளைத் திருப்பி வைத்துக்கொள்வார் போலிருக்கிறது. ஆலையில் சங்கு ஊதுகிற டைம்கீப்பர் அல்லவா, அவர் கடிகாரத்தை யார் குறை சொல்ல முடியும்?

எனக்கு இதில் என்ன என்று கேட்பாய். சாயங்காலம் நான் சந்தைக்குப் போய்வர நாற்பது நிமிஷம் என்று வைத்திருக்கிறார். நான் ஓடாத குறையாகத்தான் வருகிறேன். கதவைத் திறந்தால் கடிகாரத்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நிற்பார். "நாற்பத்து நாலு" என்பார். அவ்வளவுதான், திட்டமாட்டார். அதற்குப் பிறகு பேசவும் மாட்டார். சில சமயம் மறுநாள் வரைக்கும்.

ஏதோ ஓட்டப்பந்தயத்துக்குப் பெயர் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது என் பிழைப்பு! கடிகாரத்தை மட்டும் சரிபண்ணிவிட்டால் போதும். அவர் குளிக்கிற நேரத்தில் நானே செய்கிற மாதிரி ஏதாவது வழி இருந்தால் எழுது.

உன் அக்கா

ஜனவரி 14

என் அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் அப்படியேதான். நேற்று பெரிய தாத்தா வரைக்கும் கூப்பிட்டுவிட்டாள். நீ இளைத்துப்போகாமல் இருக்கிறாயா என்று கேட்கச் சொன்னாள்.

நான் டாக்டர் இல்லை. பின்பக்க மேசையில் உட்கார்ந்து சக்கரம் கழுவுகிறவள். வாடிக்கையாளர் வந்தால் இன்னும் நாற்காலிக்குக் கீழே எதையோ தேடுவதுபோல் குனிந்துகொள்கிறேன். "எட்டாங் கிளாஸோட பள்ளிக்கூடத்தை விட்டே, சரி. பேச்சையும் அங்கேயே விட்டுட்டு வந்துட்டியா?" என்று முதலாளியம்மா கேட்கிறார். கை ஆடாமல் வேலை செய்வதால் வைத்துக்கொண்டிருக்கிறார்.

கடிகாரம் முந்தினால் அதற்கு எளிய வழி இருக்கிறது. பின்மூடியைக் கட்டைவிரல் நகத்தால் நெம்பு. உள்ளே இன்னொரு மூடி இருக்கும். அதையும் நெம்பினால் சக்கரங்கள் தெரியும். ஆடிக்கொண்டிருக்கிற பெரிய சக்கரத்துக்கு மேலே ஊசி மாதிரி ஒரு சின்ன லீவர். அதை S என்று போட்டிருக்கும் மெதுவான பக்கம் ஒரு முடியளவு தள்ளு. இரண்டு முடியளவு வேண்டாம்.

உள்மூடியின் உட்புறத்தைப் பார்க்க மறக்காதே. பொடிப்பொடியாகக் கீறல்கள் இருக்கும். ஒவ்வொரு முறை பழுதுபார்த்தபோதும் கடைக்காரர்கள் ஊசியால் தேதி எழுதிவைத்தது. அது எங்கள் தொழில் வழக்கம். கடிகாரம் வைத்திருப்பவர்கள் அந்த மூடியைத் திறப்பதே இல்லை. அப்பாவும் திறந்ததில்லை.

உன் சுண்டெலி

பிப்ரவரி 1

அன்புள்ள சுண்டெலிக்கு,

நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும்.

நீ சொன்னபடி செய்தேன். ஒரு முடியளவுதான் தள்ளினேன். வீட்டில் நாற்பத்து நாலு நாற்பத்து மூன்றாக ஆனது. நமக்கு லாபம் ஒரு நிமிஷம் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் ஜனவரி 28ஆம் தேதி சாயங்காலம் ஆலையில் சங்கு நாலு நிமிஷம் பிந்தி ஊதியிருக்கிறது. கதவடியில் காத்து நின்ற அத்தனை பேரும் கூச்சல். மேனேஜர் எல்லோர் முன்னாலும், "என்னய்யா, டைம்கீப்பருக்கே டைம் தெரியலையா?" என்று சிரித்தாராம். பதினான்கு வருஷத்தில் ஒரு நாள்கூட அப்படி ஆனதில்லை.

வீட்டுக்கு வந்ததும் கடிகாரத்தை மேசைமேல் வைத்து, "இதைத் தொட்டது யாரு?" என்று கேட்டார். நான்தான் என்றேன். வேறு யார் இருக்கிறார்கள் சொல்வதற்கு?

அவர் சொல்வதும் நியாயமாகத்தான் படுகிறது. ஆலையில் கொக்கியில் தொங்கும்போது ஒரு நிமிஷம் பிசகியதில்லை. அங்கே சரியாக ஓடுவது வீட்டுக்கு வந்ததும் எப்படித் தப்பாக ஓடும்? "கடிகாரத்துல கோளாறு இல்ல. உன் கால்லதான் கோளாறு" என்றார். லீவரைப் பழைய இடத்துக்கே தள்ளிவிட்டார்.

எழுத்து கோணலாக இருந்தால் தப்பாக நினைக்காதே. கட்டைவிரலில் துணி சுற்றியிருக்கிறேன். அம்மாவிடம் நான் நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று சொல்.

உன் அக்கா

பிப்ரவரி 6

என் அக்காவுக்கு,

நாங்கள் சுகம். உன் கட்டைவிரலுக்கு என்ன? நீ எழுதவே இல்லையே. வெட்டுக்காயமா, தீக்காயமா? அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

தப்பு என்னுடையது. முதலாளியம்மாவிடம் சொன்னபோது கையில் இருந்த துணியை மேசைமேல் அடித்தார். "கேள்வி கேட்காமலே மருந்து குடுத்தியா? அது எங்க உட்காருது, எங்க படுக்குது, பக்கத்துல என்ன இருக்குன்னு கேட்க வேணாமா? உன் வாய்க்கு வந்த வெட்கம் பேனாவுக்கும் வந்துடுச்சா?" என்றார். எங்கள் கடையில் அதுதான் முதல் பாடம். கடிகாரத்தைத் திறப்பதற்கு முன்னால் அது வாழும் இடத்தைப் பற்றிக் கேட்க வேண்டும். நான் உன்னிடம் அதைக் கேட்கவில்லை. ஒழுங்காக ஓடிய கடிகாரத்தைக் கெடுக்க உனக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டேன்.

இப்போது கேட்கிறேன். ஐந்து மணியிலிருந்து எட்டு மணிவரை கடிகாரம் எங்கே இருக்கிறது? படுத்திருக்கிறதா, நிற்கிறதா? இரவில் எங்கே? அதன் பக்கத்தில் இரும்போ, மின்சாரச் சாமானோ உண்டா? ஆலைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று மாறுகிறது. கோளாறு உன் காலில் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

கட்டைவிரலைப் பற்றியும் எழுது.

உன் சுண்டெலி

பிப்ரவரி 25

அன்புள்ள தங்கைக்கு,

இங்கு நாங்கள் இருவரும் நலம். அங்கு அம்மாவும் நீயும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறோம்.

உன் அத்தான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். இனி வருகிற கடிதங்களையும் போகிற கடிதங்களையும் அவரும் படிப்பார். குடும்பத்துக்குள் ஒளிவுமறைவு கூடாது என்கிறார். சரிதானே?

நீ கேட்டவற்றுக்குப் பதில். வீட்டுக்கு வந்ததும் அவர் கடிகாரத்தை ரேடியோ பெட்டியின் மேல், துணிபோட்ட ஒலிபெருக்கிப் பக்கம், படுக்கவைப்பார். எதிரில் நாற்காலி போட்டு உட்காருவார். எட்டு மணிச் செய்தி முடிந்ததும் எடுத்துவிடுவார். இரவில் தலையணைக்குக் கீழே. ஆலையில் கொக்கியில். வேறு ஒன்றும் இல்லை.

நான் இப்போது சந்தைக்குப் போவதில்லை. அவரே எல்லாம் வாங்கி வந்துவிடுகிறார். குழாய்க்குப் போய்வர மட்டும் ஒன்பது நிமிஷம்.

கட்டைவிரல் ஆறிவிட்டது.

இப்படிக்கு
உன் அக்கா

மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கும் மரியாதைக்குரிய அத்தானுக்கும்,

வணக்கம். இருவரும் சுகமாக இருக்க வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வீக்கம் வடிந்திருக்கிறது.

அக்கா, கண்டுபிடித்துவிட்டேன்! ரேடியோவின் ஒலிபெருக்கிக்குள் பெரிய காந்தம் இருக்கும். கடிகாரத்தின் ஹேர்ஸ்பிரிங் முடியைவிட மெல்லிய எஃகு. காந்தத்தின் பக்கத்தில் வைத்தால் அதன் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சுருள் குட்டையானால் சக்கரம் அவசரமாக ஆடும், கடிகாரம் முந்தும். ஆலையில் காந்தம் இல்லை, அதனால் அங்கே சரியாக ஓடுகிறது. நம்பாவிட்டால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கிற திசைகாட்டி ஒன்றை வாங்கி ரேடியோவின் மேல் வையுங்கள், அத்தான். அதன் முள் வடக்கை மறந்துவிடும்.

அப்படியென்றால் அக்கா ஒரு நாளும் பிந்தவில்லை. நாற்பத்து நாலு என்று காட்டியதெல்லாம் உண்மையில் நாற்பதுதான். அவள் சரியாகத்தான் வந்திருக்கிறாள். முதலாளியம்மாவிடம் சொன்னபோது, "ஊருக்கே நேரம் சொல்ற மனுஷன் இத்தனை நாளா காந்தத்தைப் பார்த்தா பொண்டாட்டிக்கு மணி கணக்குப் போட்டாரு?" என்று கேட்டார். கடையில் எல்லோரும் சிரித்தோம். அத்தான் கோபித்துக்கொள்ளாமல் அக்காவை இனிச் சந்தைக்கு அனுப்புவீர்கள் அல்லவா?

உங்கள் தங்கை

மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். என் போன கடிதம் கிடைத்ததா? இரண்டரை வாரம் ஆகிறது. ரேடியோவை விட்டுக் கடிகாரத்தை எடுத்தாயிற்றா? இப்போது எத்தனை நிமிஷம் காட்டுகிறது?

நான் ஏதாவது தப்பாக எழுதிவிட்டேனா? சிரித்தோம் என்று எழுதியிருக்கக் கூடாது. தபாலில் போட்ட பிறகுதான் தோன்றியது. அத்தான் மன்னிக்க வேண்டும்.

ஒரு வரி போதும். உன் கையால் எழுது.

உன் சுண்டெலி

ஏப்ரல் 4

தங்கைக்கு ஆசிகள்.

நலம். நலமே விரும்புகிறேன். காலை 6.40க்கு இதை எழுதத் தொடங்குகிறேன்.

உன் அக்கா மார்ச் 29 அன்று மாலை 5.20 மணிக்கு மாடிப்படியில் தவறி விழுந்துவிட்டாள். வலக்கையில் கட்டு போட்டிருக்கிறது. அதனால் அவள் எழுத இயலாது. கவலைப்படும்படி ஒன்றும் இல்லை. அம்மா புறப்பட்டு வர வேண்டாம். படி ஏற முடியாதவர்கள் இங்கே வந்து சிரமப்படுவதில் பொருள் இல்லை.

அவள் விழுந்தபோது கையில் இருந்த கடிகாரமும் விழுந்து நின்றுவிட்டது. இங்குள்ள கடைக்காரர் தன்னால் ஆகாது என்கிறார். பதினான்கு வருடங்களாக நிமிடம் தவறாதவன், இப்போது ஒவ்வொரு முறையும் ஆபீஸ் கடிகாரத்தை எட்டிப் பார்த்து வந்து சங்கு ஊத வேண்டியிருக்கிறது. பார்ப்பவர்கள் சிரிக்கிறார்கள். சிரிப்பு உங்கள் கடையோடு நிற்கவில்லை.

பதிவுத் தபாலில் கடிகாரத்தை அனுப்புகிறேன். உன் அக்காதான் இடது கையால் பஞ்சு சுற்றிப் பெட்டியில் வைத்தாள். விரைவில் சரிசெய்து அனுப்பு. கேள்விகள் தேவையில்லை.

6.52க்கு முடிக்கிறேன்.

அத்தான்

ஏப்ரல் 9

லாரி அண்ணனுக்கு,

பெரியம்மாவும் நீயும் சுகமா? எனக்குப் போனில் பேச வராது என்று உனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன். படித்ததும் வண்டியை எங்கேயும் எடுத்துக்கொண்டு போகாமல் வீட்டுக்கு வா.

அக்காவின் வீட்டிலிருந்து அப்பாவின் கடிகாரம் பழுதுக்கு வந்திருக்கிறது. படியில் விழுந்தது என்று அத்தான் எழுதியிருக்கிறார். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். விளிம்பில் ஒரு நசுங்கல். அந்த நசுங்கலுக்குள் வெள்ளைச் சுண்ணாம்பு ஏறியிருக்கிறது. படியில் விழுந்த கடிகாரத்தில் சுவர்ச் சுண்ணாம்பு எப்படி வரும்? முதலாளியம்மாவிடம் காட்டினேன். "இது விழலைடி. இதை எறிஞ்சிருக்காங்க. நடுவுல ஒரு ஆள் இருந்து விலகியிருக்கணும்" என்றார்.

உள்மூடியைத் திறந்தேன். அப்பா காலத்தில் பழுதுபார்த்தவர்கள் எழுதிய தேதிகளுக்குக் கீழே புதிதாக ஐந்து தேதிகள். ஊக்கால் கீறியது, இடது கை எழுத்து. ஜனவரி 28, பிப்ரவரி 11, மார்ச் 6, மார்ச் 7, மார்ச் 29.

ஜனவரி 28 நான் சொன்ன லீவரால் சங்கு பிந்திய நாள். மற்றதற்குக் கடிதங்களை எடுத்துவைத்துக் கணக்குப் பார்த்தேன். இங்கிருந்து தபால் போய்ச்சேர நாலைந்து நாள். பிப்ரவரி 6 நான் கடிதம் போட்டேன், 11 கிடைத்திருக்கும். மார்ச் 2 சிரித்தோம் என்று எழுதினேன், 6 கிடைத்திருக்கும். அதற்கு மட்டும் இரண்டு நாள். மார்ச் 29 அவள் படியில் விழுந்ததாக அவர் சொல்லும் நாள். கடிகாரத்தில் பழுதுபார்த்த தேதி எழுதுவார்கள் என்று நான்தான் அவளுக்குச் சொல்லியிருந்தேன்.

தேதிகளுக்குக் கீழே ஒரே ஒரு எழுத்து. "வா."

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அழவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து துணி எடுத்துவைக்கத் தொடங்கிவிட்டாள். போலீஸுக்குப் போகலாம் என்றார் முதலாளியம்மா. முதலில் பிள்ளை வீட்டுக்கு வரட்டும், பிறகு எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்கிறாள் அம்மா. அத்தான் வீட்டில் இருக்கும்போது நாம் போனால், அடுத்த தேதியை எழுத அக்காவுக்குக் கை இருக்காது. அவரை வீட்டை விட்டுக் கிளப்ப வேண்டும். அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

தங்கை

ஏப்ரல் 11

மரியாதைக்குரிய அத்தானுக்கு,

வணக்கம். தாங்களும் அக்காவும் சுகமாக இருக்க வேண்டும். அக்காவின் கை சீக்கிரம் ஆறட்டும். அம்மா புறப்படவில்லை. தாங்கள் சொன்னது சரி.

கடிகாரம் வந்து சேர்ந்தது. உள்ளே ஆடுகிற பேலன்ஸ் சக்கரத்தின் அச்சு நுனி ஒடிந்திருந்தது. புதிதாகக் கடைந்து போட்டிருக்கிறேன். கொஞ்சம் ஒட்டியிருந்த காந்தத்தையும் எடுத்தாயிற்று. ஓடுகிறது.

ஆனால் இதைத் தபாலில் அனுப்பக் கூடாது என்கிறார் முதலாளியம்மா. பாக்கெட் கடிகாரம் உடையவரின் உடம்புச் சூட்டுக்கும் நடைக்கும் ஏற்ப ஓடும். தங்கள் சட்டைப்பையில் வைத்து, தாங்கள் நடந்து, நாங்கள் இரண்டு மூன்று முறை திருத்தினால்தான் ஒரு நொடி பிசகாமல் நிற்கும். சாதாரண ஆளுக்கு அவ்வளவு தேவையில்லை. சங்கு ஊதுகிறவருக்குத் தேவை.

ஒரு நாள் வந்துபோனால் போதும். காலையில் வந்தால் பன்னிரண்டரை பஸ்ஸில் திரும்பிவிடலாம். முன்பு தெரியாமல் எழுதியதற்கு நேரிலும் மன்னிப்புக் கேட்டுக்கொள்வேன்.

தங்கள் தங்கை

ஏப்ரல் 17

தங்கைக்கு ஆசிகள்.

நலம். 26ஆம் தேதி காலை 9.30க்கு வருவேன். 12.30 பஸ்ஸில் திரும்புவேன். தாமதம் கூடாது. உன் அக்கா நலம்.

அத்தான்

ஏப்ரல் 26, கடையில்

என் அக்காவுக்கு,

இந்தக் கடிதத்துக்கு முகவரி இல்லை. நம் வீட்டில் உன் தலையணைக்குக் கீழே வைக்கப்போகிறேன். நீ வந்து படுத்தால் கிடைக்கும். பின்பக்க மேசையில் குனிந்து இடையிடையே எழுதுகிறேன். நான் வேலை செய்வதாக அத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

அவர் சரியாக ஒன்பதரைக்கு வந்தார். அம்மாவும் லாரி அண்ணனும் விடியற்காலையிலேயே புறப்பட்டுவிட்டார்கள். பத்து மணிக்கு உன் வாசலில் நிற்பதாகக் கணக்கு. நான் மன்னிப்புக் கேட்டேன். குரல் எனக்கே கேட்கவில்லை. "பொண்ணுன்னா இப்படித்தான் இருக்கணும்" என்று முதலாளியம்மாவிடம் சொன்னார்.

கடிகாரத்தைப் பையில் போட்டுத் தெருக்கோடி வரை நடக்கச் சொன்னேன். வந்தார். பார்த்தேன். இன்னொரு முறை நடக்கச் சொன்னேன். போய்வர ஏழு நிமிஷம். எனக்கே ஒரு மாதிரி இருந்தது, அக்கா. இன்னொரு கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவர் வருகிறாரா என்று பார்த்து நின்றேன்.

இரண்டாவது முறை வந்து உட்கார்ந்தபோது இடுப்பில் குத்துகிறது என்று சாவிக்கொத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். "வெளியில பூட்டிட்டு வந்தேன். கையில கட்டோட தனியா இருக்கா, பத்திரம் வேணாமா?" என்றார். அந்தச் சாவிகளை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பரவாயில்லை, அண்ணனிடம் டயர் கழற்றும் கம்பி இருக்கிறது என்று சொல்லிக்கொண்டேன்.

பதினொன்றே முக்காலுக்குப் போன் அடித்தது. முதலாளியம்மா பேசிவிட்டு, துணி எடுப்பது போலப் பின்னால் வந்து குனிந்தார். "லாரி நடுவழியில நிக்குதாம். ரேடியேட்டர் போயிடுச்சாம். நாலு மணிக்கு முன்னாடி போக முடியாதுங்கிறான்."

கணக்குப் போட்டேன். பன்னிரண்டரை பஸ் ஐந்தரைக்கு அங்கே போய்விடும். அண்ணன் நாலு மணிக்குப் போனாலும் பூட்டை உடைக்க வேண்டும், உன்னைப் படி இறக்க வேண்டும், அம்மாவின் முழங்கால் வேறு. நாலு மணி ஐந்தானால்? ஐந்து ஐந்தரையானால்? அடுத்த பஸ் மாலை ஆறு மணிக்குத்தான். அவர் பன்னிரண்டரை பஸ்ஸில் ஏறக் கூடாது.

"முடிஞ்சுதா?" என்று கேட்டார்.

"கடைசியா ஒரு தடவை பார்க்கிறேன் அத்தான்" என்று பேலன்ஸ் சக்கரத்தை வெளியே எடுத்தேன். அந்த அச்சை நான்தான் இரண்டு நாள் உட்கார்ந்து மாற்றினேன். நுனி எறும்பின் கால் அளவுதான் இருக்கும். அப்பா இந்தக் கடிகாரத்தை என் காதில் வைத்துத்தான் என்னைத் தூங்கவைப்பார், உனக்கு நினைவிருக்கும். இடுக்கியால் நுனியைப் பிடித்து அழுத்தினேன். சத்தம்கூட வரவில்லை.

"அச்சு ஒடிஞ்சிடுச்சு அத்தான்."

எழுந்து மேசையைச் சுற்றி வந்தார். என் மணிக்கட்டைப் பிடித்தார். முறுக்கவில்லை, பிடித்தார், அவ்வளவுதான். பிடித்துக்கொண்டே மெதுவாகப் பேசினார். "எவ்வளவு நேரம்?" பிடித்த இடம் இப்போதும் சிவந்திருக்கிறது. இதே பிடிதானா, அக்கா?

"கையை எடுங்க சார்" என்றார் முதலாளியம்மா. "அந்தக் கை இருந்தாத்தான் உங்க கடிகாரம்."

விட்டார். சாவிக்கொத்தை எடுத்தார். "நான் போறேன். தபால்ல அனுப்புங்க."

வாசல்வரை போய்விட்டார். நான் எழுந்து நின்றேன். கடையே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு குரல் வந்தது, அது என்னுடையதுதான். "கடிகாரம் இல்லாம நாளைக்கு எப்படிச் சங்கு ஊதுவீங்க அத்தான்? மறுபடி ஆபீஸ் ஜன்னல்ல எட்டிப் பார்ப்பீங்களா?"

நின்றார். திரும்பி வந்து உட்கார்ந்தார். முதலாளியம்மா புது அச்சு கடைய உட்கார்ந்தார். மூன்று மணி நேர வேலை. அவர் அதை ஐந்து மணி நேரம் செய்தார்.

நம் கடைச் சுவரில் பழுதுக்கு வந்த கடிகாரங்கள் இருபத்தேழு இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு நேரம் காட்டும். அத்தானால் அதைத் தாங்க முடியவில்லை. ஒவ்வொன்றாகப் பார்த்தார், தன் பையைத் தடவினார், மறுபடி பார்த்தார்.

"இதுல எதும்மா சரியான நேரம்?"

"சரியா ஓடினா அதெல்லாம் எதுக்கு சார் இங்க வருது?" என்றார் முதலாளியம்மா, தலையை நிமிர்த்தாமல்.

அவர் என்னைப் பார்த்தார். "நீ சொல்லு. மணி என்ன?"

என் மேசை இழுப்பறையில் சரியாக ஓடுகிற ஒரு கடிகாரம் உண்டு. அதில் மூன்று ஐம்பது. "உங்க கடிகாரம்தான் சரியான நேரம் காட்டும் அத்தான்" என்றேன். "அது என் கையில இருக்கு. கொஞ்சம் பொறுங்க."

ஐந்தே கால் வரை ஒன்றும் நடக்கவில்லை. அந்த நேரத்தை என்னால் எழுத முடியாது. ஒரு முறை கழுவிய சக்கரத்தையே மறுபடி மறுபடி கழுவினேன்.

பிறகு போன் அடித்தது. "ஆமா. சொல்லு. எத்தனை உருப்படி ஏத்தியிருக்கே?" என்றார் முதலாளியம்மா. கேட்டுக்கொண்டே, அத்தானுக்குப் பின்னால் இருந்து எனக்கு மூன்று விரல் காட்டினார்.

போகும்போது லாரியில் இருந்தது அண்ணனும் அம்மாவும்தான். இரண்டு பேர்.

நான் சக்கரத்தைப் பூட்டினேன். கை ஆடவில்லை. உள்மூடியைப் போடுவதற்கு முன் ஊசியை எடுத்து, உன் ஐந்து தேதிகளுக்குக் கீழே, ஏப்ரல் 26 என்று எழுதினேன். இனி யார் பழுதுபார்த்தாலும் அந்த மூடியைத் திறப்பார்கள். அவர் திறக்கமாட்டார்.

கடிகாரத்தைக் கொடுத்தேன். காதில் வைத்துக் கேட்டார். "இனிமே தப்பாது இல்ல?"

"தப்பாது அத்தான்."

ஆறு மணி பஸ்ஸுக்கு இப்போதுதான் போகிறார். போகும்போது வாசலில் நின்று திரும்பி, "மாப்பிள்ளை வந்திருக்கேன், உங்க அம்மாவைக் காணோமே, காலையிலேர்ந்து?" என்றார். நான் இடுக்கியைத் துடைத்து வைத்தேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு வேகமாக நடந்தார்.

நீங்கள் எந்த நேரத்துக்கு வருவீர்கள் என்று தெரியாது, அக்கா. நான் கடையைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்க் கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள் போடப்போகிறேன். முதலாளியம்மா சுத்தியலோடு துணைக்கு வருகிறார். அத்தான் பதினொரு மணிக்கு அங்கே போய்ச் சேருவார். பூட்டு உடைந்திருப்பதைப் பார்ப்பார். எந்த நிமிஷத்தில் பார்த்தார் என்பதையும், அங்கிருந்து இங்கே வர எத்தனை மணி நேரம் ஆகும் என்பதையும், நான் பழுதுபார்த்த கடிகாரம் அவருக்குச் சரியாகவே சொல்லும்.

சீக்கிரம் வா.

உன் சுண்டெலி